முகூர்த்தத்தில் வந்த செக்கிங்

என் கல்யாணத்தன்று காலையில் நான் முதலில் திட்டியது மாப்பிள்ளையை இல்லை, எங்கள் முகாமின் மைக்கை. ஒரு கண்ணுக்கு மை தீட்டியாகிவிட்டது, இன்னொரு கண் வெறுமையாக இருந்தது. தலையில் பாதிப் பூ, மீதிப் பூ அம்மாவின் கையில். அப்போதுதான் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது.

"கவனிக்கவும், கவனிக்கவும். இண்டைக்குக் காலமை செக்கிங். ஆர்.ஐ. மேடம் வாறா. எல்லாரும் கார்டோட மைதானத்துக்கு வரவும். ஒருத்தரும் வெளியில போக வேண்டாம்."

பேசியது முகாம் தலைவர் அமிர்தசாமி மாமா. என் கல்யாணத்துக்கென்று புது வேட்டி கட்டி, ஸ்ரீரங்கம் போகிற வேனில் முன்சீட்டுக்குத் துண்டு போட்டுவிட்டு வந்த மனிதர். அறிவிப்பை முடித்தவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். "ஐயோ, அந்தப் பிள்ளைக்கு நான் என்னெண்டு முகம் குடுக்கிறது" என்று அவர் தனக்குத்தானே முனகியதும் முகாம் முழுக்கக் கேட்டது.

"நாசமாப் போச்சு!" என்று நான் எழுந்த வேகத்தில் மை டப்பா உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் நிரோஜினி. பிறந்தது திருச்சி, வளர்ந்தது திருச்சி ஏர்போர்ட் பக்கத்து முகாமில். வேலை, புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது. இலங்கையை நான் செல்போனில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ரிஜிஸ்தரில் நான் இலங்கை அகதி. வீட்டுக்குள் "ஓம்" என்பேன், கேட்டைத் தாண்டினால் "ஆமாங்க" என்பேன். என் அப்பா யோகராசா தொண்ணூறாம் வருஷம் திருகோணமலையை விட்டுப் படகேறி வந்தவர். அவருடைய அப்பாவின் கடையை எண்பத்து மூன்றில் எரித்தார்கள். அவருக்கும் முந்தியவரை ஐம்பத்தெட்டில் ரயிலிலிருந்து இறக்கி அடித்தார்கள். தலைமுறைக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவது எங்கள் குடும்பத்துக்குத் தீபாவளி மாதிரி, தவறாமல் வந்துவிடும். என் தலைமுறைக்கு அந்த ஓட்டம் இல்லை. செக்கிங்குக்கு ஓடுவது மட்டும்தான்.

செக்கிங் என்றால் வேறொன்றுமில்லை. மாதம் இரண்டு தடவை ஆர்.ஐ., அதாவது ரெவின்யூ இன்ஸ்பெக்டர், வந்து மேஜை போட்டு உட்காருவார். பெயரைக் கூப்பிட்டால் ஆள் நேரில் இருந்து "உள்ளேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் பெயர்மேல் சிவப்புக் கோடு. எங்கள் தெரு அற்புதம்மாள் அக்கா ஒரு செக்கிங்குக்கு வரவில்லை. ஊர் சுற்றப் போகவில்லை, பிரசவ வார்டில் கிடந்தாள். கோடு விழுந்துவிட்டது. அடுத்த தடவை பிள்ளையின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, ரிஜிஸ்தர்படி பிள்ளை இருந்தது, பெற்றவள் இல்லை. மனுமேல் மனு எழுதி அவள் மறுபடி பிழைத்து வருவதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது.

வேலைக்கும் பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் எங்களிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி அந்தக் கார்டுதான். கோடு விழுந்தால் நான் இந்தியாக்காரியும் இல்லை, அகதியும் இல்லை, ஒன்றுமே இல்லை. இந்தியாக்காரனைக் கட்டிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்தில் தாலி ஏறினாலும் நான் வந்து கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அதனால்தான் செக்கிங் தேதிகளையெல்லாம் தள்ளிவிட்டுக் கல்யாணத் தேதி வைத்தோம். இப்போது யாரோ பெரிய ஆபீசர் திடீரென்று முகாமைப் பார்வையிட வருகிறாராம், செக்கிங்கைப் பிடித்து என் முகூர்த்தத்தின் தலையில் போட்டுவிட்டார்கள்.

சரி, நேரத்தையாவது தள்ளி வைக்கலாமே என்பீர்கள். அதற்கு நீங்கள் என் மாமியாரைத் தெரிந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை ரஞ்சித் தென்னூரில் ஏ.சி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எங்கள் ஸ்கேன் சென்டரின் ஏ.சி.யைச் சரிபண்ண வந்தவன், பிறகு அது கெட்டுப்போகாமலே வாரத்துக்கு ஒரு தடவை வந்தான். சொந்த ஊர் உப்பிலியபுரம், விவசாயக் குடும்பம். அப்பா பிச்சைமுத்து அதிர்ந்து பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அம்மா காளியாயி பேசிவிடுவார். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஊரு இல்லாத பொண்ணாடா? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நான் எந்த ஊருக்குப் போய் உக்காருறது?"

அப்புறம் ஒரு நாள் நெஞ்சுவலி என்று சொல்லிக்கொண்டு எங்கள் சென்டருக்கே வந்தார். வலியும் இல்லை ஒன்றும் இல்லை, பெண் பார்க்க வந்திருந்தார். எனக்கா தெரியாது? ரஞ்சித்தின் மூக்கு அப்படியே அந்த முகத்தில் இருந்தது. "அசையாம நில்லுங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். பிடித்தார். நான் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் கழித்துத்தான் "விடுங்க" என்றேன். ஊருக்குப் போய், "அவ என் எலும்பெல்லாம் பார்த்துட்டா, நான் அவ மூஞ்சிய மட்டுந்தான் பார்த்தேன். மூஞ்சி பரவால்ல, திமிருதான் சாஸ்தி" என்றாராம்.

அவர்கள் வீட்டில் நல்ல காரியம் எதுவானாலும் குலதெய்வத்திடம் பூ கேட்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ, மடித்து அம்மன் காலடியில் போட்டுப் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். எப்படியும் சிவப்புதான் வரும் என்று காளியாயி அத்தை தெம்பாகப் போய் நின்றார். வெள்ளை வந்தது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் வெள்ளை. "உனக்கும் புத்தி கெட்டுப்போச்சாடி ஆத்தா!" என்று அம்மனையே திட்டிவிட்டு, உடனே பயந்துபோய் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாராம். ரஞ்சித் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

முகூர்த்தத்தையும் பூ போட்டுத்தான் வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். அத்தை இரண்டு நிபந்தனை வைத்தார். ஒன்று, அந்த நேரம் தவறினால் அம்மனுக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம், அத்தோடு சம்பந்தம் முடிந்தது. இரண்டு, "முகாம் வாசப்படிய நாங்க மிதிக்க மாட்டோம். ஸ்ரீரங்கத்துல மண்டபம் பார்த்தாச்சு, பொண்ணக் கூட்டிட்டு வந்துடுங்க." ஏதோ போலீஸ் ஸ்டேஷனைச் சொல்வது மாதிரி சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அப்பாதான், "விடு பிள்ளை, அந்த மண்டபத்துக்கு நான்தானே பெயின்ட் அடிச்சனான்" என்று சமாதானம் சொன்னார். எங்கள் முகாம் ஆண்களுக்குப் பெரும்பாலும் பெயின்டிங்தான் தொழில். திருச்சியில் பாதி வீட்டுக்கு அவர்கள்தான் வெள்ளை அடித்தார்கள், ஒரு வீட்டையும் அவர்கள் பெயரில் வாங்க முடியாது.

ஆக, விஷயம் இதுதான். செக்கிங்குக்கு நின்றால் கல்யாணம் போச்சு, கல்யாணத்துக்குப் போனால் நான் போச்சு. ஒற்றைக் கண் மையோடு ரஞ்சித்துக்குப் போன் அடித்தேன்.

"டேய், செக்கிங்டா!"

"இன்னைக்கா? விளையாடாத நிரோ."

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாரு. அரைத் தலையோட நின்னு உன்கூட விளையாடுறேன்."

"ஐயோ, எங்கம்மாகிட்ட யாரு சொல்றது?"

"அது உன் வேலை."

"நிரோ, சத்தியமா என்னால முடியாது" என்று சொன்ன மகாவீரன், போனை அப்படியே அம்மாவின் கையில் கொடுத்துவிட்டான்.

"என்னடி ரோசினி, கிளம்பியாச்சா? இங்க இட்லி ஆறுது" என்றார் அத்தை. என் பெயரை முழுசாக அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

சொன்னேன். செக்கிங், சிவப்புக் கோடு, அற்புதம்மாள் அக்கா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பின்னால் நாதஸ்வரக்காரர் பீப்பீ என்று ஊதிச் சரிபார்ப்பது மட்டும் கேட்டது.

"ஆபீசரு எத்தனை மணிக்கு வராங்க?"

"ஒம்பதுன்னு சொல்றாங்க. பத்து ஆகும். பதினொண்ணும் ஆகும்."

"சரி, நீ மட்டும் ஒரு ஆட்டோவப் புடிச்சு ஓடியா. தாலிய வாங்கிக்கிட்டு அதே ஆட்டோவுல போய் கையத் தூக்கிரு."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். "நான் மட்டும் வரணுமா? எங்கப்பா, எங்கம்மா, என் தெருச் சனம் அத்தனையும் இங்க வரிசையில நிக்கும், நான் மட்டும் அங்க வந்து திருட்டுத்தனமா கழுத்த நீட்டணுமா? எங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்னீங்க, சரின்னு கேட்டுக்கிட்டோம். எங்க ஊரு எதுன்னு கேட்டீங்க, அதையும் கேட்டுக்கிட்டோம். போதும் அத்தை. நான் வர மாட்டேன். கல்யாணம் வேணும்னா நீங்க வாங்க!"

சொல்லிவிட்டு நானே போனைக் கட் பண்ணிவிட்டேன். அப்புறம்தான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

"உனக்கென்ன விசரா பிள்ளை?" அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மாமியாரோட இப்பிடியே கதைக்கிறது?"

அப்பா சந்தனக் கலர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நகக்கண்ணில் மட்டும் யார் வீட்டுச் சுவரின் பச்சையோ ஒட்டியிருந்தது. என் கார்டைப் பிளாஸ்டிக் உறை போட்டு, அதற்கு மேல் இன்னொரு உறை போட்டு வைத்திருப்பவர் அவர். படகில் வரும்போது நகையைக் கடலில் விட்டவர், கார்டை மழையில் கூட எடுக்கமாட்டார். அப்படிப்பட்டவர் சொன்னார், "நீ போ பிள்ளை. பேர் போனாப் போகட்டும். நாங்கள் என்ன பேரோடயே இஞ்ச வந்தனாங்கள்?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "போகேலாது அப்பா" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தனக் கலரில் என் ஒரு கண் மை அப்படியே படிந்தது. ரஞ்சித்துக்கு மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. இன்னொரு தடவை, அதற்கும் எடுக்கவில்லை. சரிதான், வெள்ளைப் பூ சிவப்பாகிவிட்டது என்று நினைத்தேன்.

பட்டுப்புடவையோடு மைதானத்துக்குப் போனேன். வேறென்ன செய்ய? பெரிய ஆபீசருக்காக ஷாமியானா போட்டு, நாற்காலிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். முகாம் சனம் எல்லாம் கல்யாணத்துக்கு உடுத்திய உடுப்போடு வெயிலில் வரிசை கட்டி நின்றது. இவ்வளவு அழகான செக்கிங்கை அந்த மைதானம் கண்டதே இல்லை. மணி ஒன்பதே முக்கால் தாண்டியிருந்தது. ஆர்.ஐ.யையும் காணோம், ஒருவரையும் காணோம்.

அப்போதுதான் கேட்டுக்கு வெளியே ஹாரன் சத்தம். சும்மா சத்தமா அது? காது கிழிந்தது. வாழைமரம் கட்டிய ஒரு பஸ் திரும்பியது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பஸ். ஜன்னலுக்கு ஜன்னல் உப்பிலியபுரத்துத் தலைகள். அதற்கும் பின்னால் ஒரு குட்டியானை சரக்கு வண்டி, அதில் சாம்பார் அண்டா, சோற்று அண்டா. ஒரு அண்டா மூடியின்மேல் மாமனார் பிச்சைமுத்து சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். காவிரிப் பாலத்து நெரிசலில் ரசம் சிந்திவிடக் கூடாது என்று மனைவி அவரை அங்கே உட்கார வைத்தாராம்.

பஸ் நிற்பதற்கு முன்பே காளியாயி அத்தை குதித்தார்.

"எங்கடி அந்த வாயாடி?"

மைதானமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் மெல்லக் கையைத் தூக்கினேன், செக்கிங் பழக்கம். பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ஆனால் இந்த வாய் சும்மா இருக்குமா? "வாசப்படிய மிதிக்க மாட்டேன்னீங்களே அத்தை" என்றேன்.

"எங்கடி மிதிச்சேன்? பஸ்ல உக்காந்தபடியே கேட்டத் தாண்டிட்டேன்" என்றார் அத்தை. "நான் ஆத்தாகிட்ட சண்டை போட்டு வாங்கின நேரம். எந்த ஆபீசரு வந்து அத மாத்துறது? நானூறு பேருக்கு ஆக்கின சோத்த யாரு திங்கிறது? உன் மூஞ்சி என்னடி இப்படி இருக்கு? ஒத்தக் கண்ணுக்குத்தான் மை வெச்சியா? யாராச்சும் மை கொண்டாங்கடி!"

அவ்வளவுதான். அடுத்த கொஞ்ச நேரத்தில் அந்த மைதானத்தில் நடந்ததை என்னால் ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொல்ல முடியாது. அரசாங்க ஷாமியானாவின் கால்களில் வாழைமரம் ஏறியது. பெரிய ஆபீசரின் குஷன் நாற்காலியில் நாதஸ்வரக்காரர் உட்கார்ந்துவிட்டார். ஸ்ரீரங்கத்து ராஜகோபாலன் வாத்யார் ஹோமத்துச் செங்கல்களை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். "அடியேனுக்கு எல்லா இடமும் பெருமாள் க்ஷேத்ரம்தான். ஆனா பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம், தாண்டப்படாது. மனை எங்கே? சீக்கிரம், சீக்கிரம்!" பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற மனைப் பலகையை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அப்பா ஓடிப்போய்ப் பெயின்ட் அடிக்கும்போது ஏறி நிற்கிற பலகையைக் கொண்டுவந்து போட்டார். ஏழெட்டு வீட்டுச் சுவரின் கலர் அதில் சொட்டுச் சொட்டாக இருந்தது. அதில்தான் நானும் ரஞ்சித்தும் உட்கார்ந்தோம்.

"போனை ஏண்டா எடுக்கல?" என்று பல்லைக் கடித்தேன்.

"அம்மா புடுங்கி வெச்சுக்கிட்டாங்க. நீ திட்டினத கேட்டதும் போனையே முறைச்சுப் பார்த்தாங்க. அப்புறம், 'இவ என்னடா என்னையே மிஞ்சிருவா போலருக்கு, விடக் கூடாது, வண்டிய எடுங்கடா'ன்னாங்க."

அந்த நேரம் பார்த்து ஆர்.ஐ. சுபலட்சுமி மேடம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வேலைக்குப் புதிது. மைதானத்தைப் பார்த்தார், தான் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று கேட்டின் போர்டைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"கல்யாணம். வாங்க, வாங்க, உக்காருங்க. காபி குடிக்கிறீங்களா?" என்றார் காளியாயி அத்தை.

"ஐயோ, பதினோரு மணிக்குப் பெரிய ஆபீசர் வராரும்மா! அதுக்குள்ள நான் செக்கிங்கை முடிக்கணும்!"

"தாராளமா முடிங்க. நாங்களும் அதுக்குள்ள இத முடிச்சிடறோம். நீங்க அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம்."

மேடத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அமிர்தசாமி மாமா மேஜையை இழுத்துப் போட்டார். ரிஜிஸ்தரை விரித்துவைத்து, பேனாவைத் திறந்து, மேடம் முதல் பெயரைக் கூப்பிடுவதற்குள் உப்பிலியபுரத்துப் பெரியவர் ஒருவர் முன்னால் போய் நின்று ஒரு கவரை நீட்டினார். "பிச்சைமுத்து பங்காளிங்க. எழுதிக்கங்க."

கல்யாணப் பந்தல், மேஜை, விரித்துவைத்த நோட்டு, பேனாவோடு ஒரு ஆள். எங்கள் ஊரில் அதற்கு மொய் என்பதைத் தவிர வேறு அர்த்தம் உண்டா? இரண்டு பஸ் சனமும் கவரும் கையுமாக அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டது. முகாம்காரர்கள் கார்டை நீட்ட, உப்பிலியபுரத்துக்காரர்கள் கவரை நீட்ட, மேடம் பதறி எழுந்துவிட்டார். "எடுங்க, எடுங்க! யாராவது போட்டோ எடுத்துடப் போறாங்க, என் வேலை போயிடும்!" கல்யாணப் போட்டோகிராபர் அதற்குள் அழகாக இரண்டு போட்டோ எடுத்திருந்தான். முகாம் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அற்புதம்மாள் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, யாரோ முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது. செக்கிங் வரிசையில் நின்று எங்கள் ஆட்கள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்தப் பக்கம் வாத்யார் சங்கல்பத்தை ஆரம்பித்தார். காரியம் எந்த இடத்தில் நடக்கிறது என்று அதில் வரிசையாகச் சொல்ல வேண்டுமாம், எந்தத் தீவு, எந்த தேசம் என்று. அவர் சொல்லச் சொல்ல அப்பா திருப்பிச் சொன்னார். "பரத கண்டே" என்ற இடத்தில் அப்பா நின்றுவிட்டார்.

"அப்பிடியெண்டால் இந்தியாவோ ஐயா?"

"ஆமாம் ஸ்வாமி. பாரத தேசம். இங்கேதானே உட்கார்ந்திண்டிருக்கேள்?"

"ஓம்" என்றார் அப்பா. எத்தனையோ ஆபீஸில் எத்தனையோ தடவை கேட்டுக் கிடைக்காததை ஒரு மனிதர் சந்தேகமே இல்லாமல் சொல்லிவிட்டார். அப்பா அதை வாத்யார் கேட்காமலே இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து புது மையும் கலைந்தது.

அந்தப் பக்கம் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் மந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யார் எதற்குப் பதில் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. அப்பா என் கையைப் பிடித்து ரஞ்சித்தின் கையில் வைக்கிற நேரம் பார்த்து, "யோகராசா!" என்று மேடத்தின் குரல்.

"உள்ளேன்!" என்றார் அப்பா, கையை எடுக்காமல்.

"நேர்ல வரணும்!"

"நேரிலதான் மேடம் இருக்கிறன். பிள்ளையைக் குடுத்திட்டு வாறன்."

அடுத்து அம்மாவின் பெயர். செம்பிலிருந்து தண்ணீரை வார்த்துக்கொண்டே அம்மாவும் "உள்ளேன்" என்றாள். அதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்த வாத்யார், "க்ஷேமமா இருங்கோ" என்று அட்சதை போட்டார்.

அதற்குப் பிறகு நான். எனக்கு அது நன்றாகத் தெரியும், எத்தனை வருஷத்து வரிசை அது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் வாத்யார் இரண்டு கையையும் தூக்கி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார்.

மேளம் இடித்தது. ரஞ்சித் என் கழுத்துக்குப் பின்னால் குனிந்தான். "நிரோஜினி!" என்று மேடம் கூப்பிட்டது எனக்கு ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. "உள்ளேன்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவையும், மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். கையைத் தூக்கப் பார்த்தேன், மேலே மழையாக அட்சதையும் பூவும், சுற்றி நின்று குனிந்து பார்க்கிற கூட்டம், என் கை யார் கண்ணில் படும்? எழுந்திருக்கவும் முடியாது, முதல் முடிச்சுதான் விழுந்திருந்தது. கூட்டத்தின் இடுக்கு வழியாக மேடத்தின் கை தெரிந்தது. நீலப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கை சிவப்புப் பேனாவை எடுத்தது.

அதைப் பார்த்தது நான் மட்டுமில்லை. போனில் நான் ஒரே மூச்சில் கொட்டியதில் சிவப்புக் கோடு மட்டும் காளியாயி அத்தையின் மனதில் நின்றிருக்கிறது. அத்தை கையிலிருந்த அட்சதைத் தட்டைக் கீழே போட்டார். கூட்டத்தை இரண்டு கையாலும் பிளந்துகொண்டு மேஜைப் பக்கம் போனார். வயலுக்கு இந்தக் கரையில் நின்று அந்தக் கரை ஆளைக் கூப்பிடுகிற தொண்டை அது. கெட்டிமேளம் அதற்கு முன்னால் நிற்கவில்லை.

"இருக்கா! எங்க நிரோஜினி இங்க இருக்கா!"

முழுப் பெயர். ஒரு எழுத்துக் குறையாமல். என்ன ஏது என்று தெரியாமலே இரண்டு பஸ் சனமும் அதைப் பிடித்துக்கொண்டது. "இருக்கா! இருக்கா! இங்கதான் இருக்கா!" அமிர்தசாமி மாமா ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கி, "இருக்கிறாள்! பிள்ளை இருக்கிறாள்!" என்று அலறினார். வேப்பமரத்துக் குழாய் ஸ்பீக்கர் அதை ஏர்போர்ட் வரைக்கும் சொன்னது. சுபலட்சுமி மேடம் நிமிர்ந்து பார்த்தார். கூட்டம் விலகிய வழியில், பெயின்ட் பலகையில், கையைத் தூக்கியபடி அழுது வழிந்த மையோடு நான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டுக்கொண்டிருந்தாள். மேடம் சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு நீலத்தை எடுத்து எழுதினார்.

அதற்குப் பிறகு தலை எண்ணும்போது இன்னொரு கூத்து. மொய் வரிசையென்று வந்து நின்றவர்கள் யாரும் கலையவே இல்லை. மேடம் எண்ணினார், மறுபடி எண்ணினார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ரிஜிஸ்தர்ல இருக்கிறதைவிட ஆள் கூட இருக்காங்களே! இதை நான் எதுல எழுதறது?"

"எங்களுக்கும் தெரியாது மேடம்" என்றார் அமிர்தசாமி மாமா. முகமெல்லாம் பல். "இத்தனை வருஷத்தில ஆள் குறைஞ்சுதான் பாத்திருக்கிறம்."

பெரிய ஆபீசர் வரவில்லை. வேறு நாளைக்கு மாற்றிவிட்டார்களாம். அந்தச் செய்தி போனில் வந்தபோது மேடம் எங்களோடு பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் இலை முன்னால் உட்கார்ந்தபோது அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கத்தியதில் தொண்டை கட்டிப்போயிருந்தது. என் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து நொறுக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"ஏண்டி, இனிமேலும் நீ இப்படி வந்து இருக்கேன் இருக்கேன்னு சொல்லணுமா?"

"ஆமா அத்தை. மாசம் ரெண்டு தடவை."

"எது வரைக்கும்?"

"தெரியாது அத்தை. எங்கப்பா இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு."

பந்தியின் அந்தக் கோடியில் அப்பா உப்பிலியபுரத்துப் பங்காளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, யாருடைய வீட்டுச் சுவரைப் பற்றியோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அத்தை என் பக்கம் திரும்பினார்.

"சரி. ரெண்டு தடவையும் நானும் வரேன். உன் குரலு பத்தாது" என்றார். "சாப்புடு, ரசம் ஆறுது."